சீருக்குப் பவானி ஜமக்காளம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

அக்கா மகளுக்குத் தை மாதம் கல்யாணம். சீர்ச் சாமானில் ஜமக்காளம் இருந்தே ஆக வேண்டும், அதுவும் பவானி ஜமக்காளம்தான் என்று அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஒரே பிடிவாதம். அவருடைய கல்யாணத்துக்கு வந்த ஜமக்காளம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, விசேஷம் என்றால் அதைத்தான் விரிப்போம்.

ஈரோட்டிலிருந்து வரும் வழியில் ஒரு கடை. பெயர் சொல்லப் போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். வாசலில் 'அசல் பவானி ஜமக்காளம்' என்று ஆளுயரப் பலகை. ஒன்று 1,850 ரூபாய் என்று இரண்டு எடுத்தோம். கைத்தறிதானே என்று கேட்டேன். "ஏனுங்கக்கா, பவானிப் பக்கத்துல உக்காந்துட்டு நாங்க வேற சரக்கு விப்பமுங்களா?" என்றார். நம்பிவிட்டோம்.

கல்யாணம் முடிந்து முதல் தடவை துவைத்ததுமே ஓரம் பிரிந்துவிட்டது. தரையில் விரித்தால் வழுக்குகிறது, கையில் தூக்கினால் கனமே இல்லை. சந்தேகம் வந்து, பவானியில் தறி போட்டிருக்கும் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி வைத்தார். பருத்தி நூல் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். இதுவோ சுருண்டு, உருகி, கடுகு அளவுக்குக் கறுப்பு உருண்டையாக இறுகிவிட்டது. ஆறியதும் அந்த உருண்டையை என் உள்ளங்கையில் வைத்தார்.

அப்புறம் தன் குழித்தறியில் ஓடிக்கொண்டிருந்ததைக் காட்டினார். அகலமான ஜமக்காளம் என்பதால் அவரும் அவர் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்கிறார்கள், ஒருவர் தள்ளும் நாடாவை (ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டை) இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் வெளியே தெரியாத அளவுக்கு, குறுக்கே ஓடும் ஊடை நூலை அடித்து இறுக்கியிருந்தார்கள். என் கையில் இருந்ததில் பாவு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. "விசைத்தறிச் சரக்குங்க, வெளியூர்ல இருந்து வருது, லேபிள் மட்டும் இங்க தைக்கறாங்க. எம்பையன் தறிக்கு வரமாட்டேன்னுட்டான். அவங்க விக்கறது எங்க பேரைத்தானுங்களே" என்றார். 3,700 ரூபாய் போனதைவிட அதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது.

இது சாதாரண ஏமாற்று இல்லை. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று, விசைத்தறியில் நெய்வதே குற்றம். போதாததற்கு 2005-06லேயே பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. எங்கோ ஓட்டிய சரக்குக்கு அந்தப் பெயரை ஒட்டவே கூடாது.

சரி, கடைக்கே போய்க் கேட்போம் என்று போனேன். கடைக்காரர் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுல பவானின்னு எங்கீங்க இருக்குது?" பில்லில் 'விரிப்பு - 2' என்று மட்டும்தான் இருந்தது. பலகையில் பவானி, லேபிளில் பவானி, வாயில் பவானி, பில்லில் மட்டும் இல்லை. திட்டம் போட்டே இப்படி எழுதுகிறார்கள்.

அதனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் 'பவானி கைத்தறி ஜமக்காளம்' என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் சரக்கை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எண்ணோடு கூடிய கைத்தறி முத்திரை லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். பவானியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, அங்கேயே போய் வாங்கலாம். நாங்கள் இரண்டாவது முறை அப்படித்தான் வாங்கினோம், அம்மிச்சி தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்து எண் வாங்கியிருக்கிறேன், கைத்தறித் துறைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்களுடையதில் இருந்த லேபிள் வெள்ளைத் துணி, கோபுரப் படம், சுற்றி மஞ்சள் நூல் தையல். உங்கள் வீட்டு ஜமக்காளத்திலும் அதே லேபிள் இருந்தால் பிய்த்துப் போட்டுவிடாமல் பில்லோடு பத்திரமாக வையுங்கள்.