பிபி மாத்திரை சாப்பிடுபவரா? தனிப் பயிற்சியாளரிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் ஊரிலுள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் தனிப் பயிற்சியாளர் ஒருவரிடம் சேர்ந்து, ஏழாவது நாளே ட்ரெட்மில்லில் விழுந்து, இடது மணிக்கட்டில் கட்டுடன் வீடு திரும்பினேன். எனக்கு வயது 46. ஆறு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரோலால் எடுத்துக்கொள்கிறேன். என்னைப் போலவே மருந்து சாப்பிட்டுக்கொண்டு உடம்பைத் தேற்றிக்கொள்ள நினைப்பவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

36 வகுப்புகளுக்கு 27,000 ரூபாயை மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். எடை பார்த்தார்கள், இடுப்பளவு எடுத்தார்கள், மூன்று இடங்களில் கையெழுத்து வாங்கினார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பயிற்சி தொடங்கும் முன் நிரப்பித் தர வேண்டிய ஏழு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று கனடாவில் உருவாக்கப்பட்டுப் பல நாடுகளில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. நெஞ்சுவலி, தலைச்சுற்றல், மூட்டுக் கோளாறு ஆகியவற்றோடு, இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருத்துவர் மருந்து எழுதியிருக்கிறாரா என்பதும் அதில் ஒரு கேள்வி. ஐந்து நிமிடத்தில் முடியும் அந்த வேலையை அன்று செய்திருந்தால், எனக்கு இந்தக் கதி வந்திருக்காது.

பயிற்சியாளர் முதல் நாளே என் கையில் இதயத்துடிப்பு காட்டும் பட்டையைக் கட்டிவிட்டு ஒரு கணக்குச் சொன்னார். 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத்துடிப்பு 174, அதில் 80 விழுக்காடு 139, அந்த எண்ணைத் தொட்டால்தான் கொழுப்பு கரையும் என்றார். எனக்கோ மூச்சு வாங்கி, சட்டை முழுவதும் நனைந்த பிறகும் பட்டை 112-ஐத் தாண்டவில்லை. "மேடம், நீங்க முயற்சியே பண்ண மாட்டேங்கறீங்க" என்று சொல்லி வேகத்தைக் கூட்டினார். மறுநாளும் அதே பேச்சு, அதே வேகம். என் உடம்பில்தான் ஏதோ சோம்பல் இருக்கிறது என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன், அதுதான் இப்போது நினைத்தாலும் மனத்தை உறுத்துகிறது.

ஐந்தாம் நாள் தற்செயலாக மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அப்போதாவது அவர் நிறுத்தியிருக்க வேண்டும். "காலையில போடாம வாங்க மேடம், ராத்திரி போட்டுக்கலாம்" என்றார். அந்த ஒரு பேச்சை மட்டும் நான் கேட்கவில்லை.

ஏழாம் நாள் மணிக்கு எட்டரை கிலோமீட்டர் வேகத்தில், சாய்வையும் ஏற்றி வைத்துவிட்டு, அவர் வேறொருவருக்கு எடை தூக்கிக் கொடுக்கப் போய்விட்டார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. இடுப்புத் துணியில் மாட்டிக்கொள்ள வேண்டிய சிவப்புக் கயிறு, இழுத்ததும் இயந்திரத்தை நிறுத்திவிடும் அந்தக் கயிறு, கைப்பிடியில் மூன்று சுற்றுச் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. அது எதற்கென்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கீழே விழுந்த பிறகும் பெல்ட் ஓடிக்கொண்டே இருந்ததால் முழங்கால் தோல் உரிந்தது.

என் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் அட்ரினலினின் வேலையை மெட்டோபிரோலால் தடுப்பதால், எவ்வளவு சிரமப்பட்டாலும் துடிப்பு மற்றவர்களைப் போல் ஏறாது. ஆகவே எனக்கு 139 என்ற இலக்கே பொருந்தாது. மருந்து சாப்பிடாதவர்களுக்குக்கூட அந்தக் கணக்கு ஒரு சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் முன்பின் இருக்கும். மாத்திரையைப் போடாமல் வரச் சொன்னதைக் கேட்டபோதுதான் அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இவ்வகை மருந்தைத் திடீரென்று விட்டால் அழுத்தம் எகிறும், இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பே வரலாம்.

மீதிப் பணத்தைக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த 'பணம் திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் காட்டினார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்தேன். பதில் வராவிட்டால் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன் என்றும், ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமே இல்லை என்றும் எழுத்தில் தெரிவித்த பிறகு, நடக்காத 29 வகுப்புகளுக்கான 21,750 ரூபாயில் 15,000 திரும்பி வந்தது. ரசீதையும் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் அதுவும் வந்தது.

மருத்துவர்களுக்கு இருப்பது போன்ற பதிவு முறை நம் நாட்டில் பயிற்சியாளர்களுக்கு இல்லை. அந்தக் கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததை நான் பிறகு நெருங்கிப் படித்தேன். அது இரண்டு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ். பயிற்சியாளர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று தரும் ஏசிஇ, ஏசிஎஸ்எம் போன்ற அமெரிக்க அமைப்புகளின் சான்று இருப்பதாகச் சொன்னால், அவர்களுடைய தளத்திலேயே பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம். அதைவிட முக்கியமாக, முதல் நாள் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள்.

இப்போது நான் போகும் பயிற்சியாளர் முதல் நாள் என்னை ஓர் அடிகூட நடக்க வைக்கவில்லை. மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கி, மாத்திரைகளின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, "இதுல எனக்குத் தெரியாதது இருக்கு, எது வரைக்கும் போகலாம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். கையில் பட்டை கிடையாது. கண்ணாடியில் 6 முதல் 20 வரை எண்கள் போட்ட போர்க் அளவுகோலை ஒட்டியிருக்கிறார். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நான்தான் எண்ணைச் சொல்ல வேண்டும். நடக்கும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவார், பதில் சொல்ல எனக்கு மூச்சு திணறினால் உடனே வேகத்தைக் குறைத்துவிடுவார்.

வீட்டில் அம்மாவோ அப்பாவோ பயிற்சிக்குச் சேரப்போகிறார்கள் என்றால், இன்றே அவர்களுடைய மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். அடெனோலால், பிசோபிரோலால், மெட்டோபிரோலால் எல்லாம் இதயத்துடிப்பை ஏற விடாத இந்த வகைதான். ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனோலாலும் இதே வகை என்பதால், பிபி இல்லாதவர்களும் பார்க்க வேண்டும். அந்தப் பெயரைப் பணம் கட்டும் முன்பே, பயிற்சியாளர் கேட்காவிட்டாலும், நீங்களே சொல்லிவிடுங்கள்.