யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் இருந்து தூத்துக்குடிக்கு அரை மணித்தியாலம் என்று யாராவது சொன்னால் காசு கட்டாதீர்கள்

திருச்செந்தூரில் அம்மாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் பல வருடமாகக் கிடந்தது. யாழ்ப்பாணம் டவுனில் ரிக்கெற் போடும் கடை ஒன்றில் விசாரித்தேன். அங்கிருந்தவர் போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, பலாலிக்கும் தூத்துக்குடிக்கும் 255 கிலோமீற்றர்தான். அரை மணித்தியாலத்தில இறங்கிடுவியள், அம்மாவுக்கு ஒரு கஷ்டமும் இராது" என்றார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அதிக நேரம் இருக்க மாட்டார். அந்தச் சொல்லை நம்பித்தான் முழுக் காசையும் கட்டினேன்.

பயணத்துக்கு முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் இரண்டு ரிக்கெற் வந்தது. பலாலியில் இருந்து சென்னைக்கு ஒன்று, சென்னையில் இருந்து தூத்துக்குடிக்குத் தனியாக இன்னொன்று, இடையில் 1 மணி 40 நிமிடம். எடுத்துக் கேட்டால், "அது சின்ன அலுவல் அண்ணை" என்கிறார்.

அவர் சொன்ன 255 பொய்யில்லை, அதுதான் கோபம். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே கடலுக்கு மேலால் நேர்கோடு இழுத்தால் அவ்வளவுதான் வரும். இணையத்தில் தூரம் காட்டும் பக்கங்கள் அந்தக் கோட்டை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து நேரம் காட்டும், அந்த வழியில் விமானம் ஓடுகிறதா என்று பார்ப்பதில்லை. நாங்கள் வடக்கே 355 கிலோமீற்றர் சென்னைக்குப் போய், அங்கிருந்து தெற்கே 525 கிலோமீற்றர் திரும்பி வரவேண்டும், மொத்தம் 880. பலாலியில் ஓடுபாதை கட்டை என்பதால் வருவது ஏ.டி.ஆர் என்ற காற்றாடி விமானம். சென்னைக்கே ஒன்றேகால் மணித்தியாலம் போகும்.

சென்னையில் குடிவரவு வரிசை, பெட்டி எடுப்பது, சுங்கம், அப்புறம் அம்மாவை வீல்செயாரில் தள்ளிக்கொண்டு உள்நாட்டு முனையத்துக்கு ஓட்டம். போனால் கவுண்டரை மூடிவிட்டார்கள், புறப்பட ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே மூடுவார்களாம். இரண்டும் தனித்தனி ரிக்கெற் என்பதால் அடுத்த விமானத்தில் ஏற்றும் பொறுப்பு தங்களுக்கு இல்லை என்றார்கள். கடைசியில் இரவு பஸ். அம்மா காலை நீட்ட இடமில்லாமல் விடிய விடிய முழித்திருந்தார், நான் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

2025 மார்ச் கடைசியில் பலாலியில் இருந்து திருச்சிக்கும் சேவை தொடங்கியது. நேர்கோட்டில் 185 கிலோமீற்றர்தான், அங்கிருந்து மதுரை வழியாகக் காரில் போயிருந்தால் ஐந்தாறு மணித்தியாலத்தில் அம்மா தூத்துக்குடியில் இருந்திருப்பார். கடைக்காரர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. ரிக்கெற் போட முதல் எத்தனை விமானம், எங்கே மாறுவது, எல்லாம் ஒரே ரிக்கெற்றா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

தவறவிட்ட ரிக்கெற்றின் காசை இன்னும் தரவில்லை, ரசீதும் இல்லை. திங்கட்கிழமை திரும்பவும் போகிறேன். இதேபோல அகப்பட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே போவோம்.