விடுதியில் இருக்கும் மகனும் வரி மென்பொருளும்: ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் 2025-ஆம் ஆண்டுக்கான கூட்டாட்சி வருமான வரிப் படிவத்தை, கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் முறையில் இயங்கும் இணைய மென்பொருள் ஒன்றின் வழியாக இந்த முறையும் தாக்கல் செய்தேன். அதே மென்பொருளை நான் பயன்படுத்துவது இது நான்காவது ஆண்டு. அதன் பெயரைத் தவிர்க்கிறேன். இந்த மதிப்புரை, பிள்ளைகளை நம்மைச் சார்ந்தோராக, அதாவது டிபெண்டன்ட்டாகக் காட்டும் பகுதியைப் பற்றியது மட்டுமே. டபிள்யூ-2 சம்பளச் சான்றைப் படம் எடுத்துக் கொடுத்தால் அதுவே எண்களை நிரப்பிக்கொள்கிறது. வங்கி வட்டி, பங்கு விற்பனை ஆகியவற்றிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாநிலப் படிவத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதைக் கடைசிப் பக்கத்தில்தான் சொல்கிறார்கள். அதற்கு நான் பழகிவிட்டேன்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு 19 வயது. வேறு ஊரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறான். மகளுக்குக் கடந்த டிசம்பரில் 17 வயது நிறைந்தது. இந்த இரண்டு வயதுகளும் வரிச் சட்டத்தின் எல்லைக் கோடுகளில் நிற்பவை. அந்தக் கோடுகளில்தான் மென்பொருளின் தரம் தெரிந்தது.

முதலில் மகளைச் சேர்த்தேன். பிறந்த தேதியை உள்ளிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனதும், திரையின் மேல்மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் ரீஃபண்ட், அதாவது திரும்பக் கிடைக்கும் தொகை 500 டாலர் மட்டுமே கூடியது. சென்ற ஆண்டு அவளுக்காக 2,000 டாலர் கிடைத்திருந்தது. இந்த ஆண்டு பிள்ளைகளுக்கான அந்த வரிச் சலுகை 2,200 ஆக உயர்த்தப்பட்டுள்ளது என்று செய்தியில் படித்திருந்ததால், எங்கோ தவறாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை அழித்துத் திரும்பச் சேர்த்தேன். தவறு என்னுடையதன்று. சைல்டு டாக்ஸ் கிரெடிட்டுக்கு ஆண்டின் கடைசி நாளில் பிள்ளைக்கு 17 வயது நிறைந்திருக்கக் கூடாது. நிறைந்துவிட்டால் மற்றச் சார்ந்தோருக்கான 500 டாலர் சலுகைதான். அவள் இரண்டு வாரம் தாமதித்து ஜனவரியில் பிறந்திருந்தால் இன்னொரு முறை முழுத் தொகையும் வந்திருக்கும். கணக்கு சரியாகவே போடப்பட்டிருக்கிறது. ஆனால் காரணத்தைச் சொல்லும் ஒரு வரிகூட அந்தத் திரையில் இல்லை. 1,700 டாலர் குறைவதை எண்ணால் மட்டும் தெரிவிக்கும் ஒரு கருவியை நல்ல ஆசிரியர் என்று சொல்ல முடியாது.

அடுத்து மகன். இங்கேதான் என் மாலைப்பொழுது முழுவதும் போனது. 'இவர் 2025-இல் எத்தனை மாதங்கள் உங்களுடன் வாழ்ந்தார்?' என்று கேட்டது. விடுமுறைகளைக் கூட்டிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி 4 என்று போட்டேன். மறுகணமே அவன் எங்கள் தகுதியுள்ள பிள்ளை இல்லை என்ற முடிவு வந்துவிட்டது. ஆண்டில் பாதிக்கு மேல் பெற்றோருடன் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் படிப்பு, நோய், விடுமுறைப் பயணம், ராணுவப் பணி போன்ற காரணங்களால் தற்காலிகமாக வெளியே இருக்கும் காலமும் வீட்டில் இருந்த காலமாகவே கொள்ளப்படும் என்பதும் அதே விதியின் பகுதி. ஆகவே சரியான பதில் 12. இந்த விளக்கம், கேள்விக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இருக்கும் ஒரு சிறிய கேள்விக்குறியைத் தட்டினால் திறக்கும் பெட்டியில், நான்காவது பத்தியில் இருக்கிறது. பிள்ளையை விடுதிக்கு அனுப்பிய எந்தப் பெற்றோரும் அந்தக் கேள்விக்கு முதலில் தவறான பதிலைத்தான் தருவார்கள். நேர்மையாகப் பதில் சொல்பவரைத் தண்டிக்கும் கேள்வி அது.

வயதைப் பற்றிய சோதனையை மட்டும் மிக நன்றாகக் கையாண்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டு முடிவில் 19 வயதுக்கு உட்பட்டவர், அல்லது 24 வயதுக்கு உட்பட்ட முழுநேர மாணவர் என்பது வரம்பு. முழுநேரம் என்பதற்கு, ஆண்டில் ஏதேனும் ஐந்து மாதங்களில் ஒரு பகுதியாவது அவ்வாறு படித்திருந்தால் போதும் என்பதைக் கேள்வியிலேயே தெளிவாக எழுதியிருந்தார்கள். தன் செலவில் பாதிக்கு மேல் அவனே ஏற்றுக்கொண்டானா என்ற கேள்விக்கும், மாணவர் பெறும் ஸ்காலர்ஷிப்பை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்ற குறிப்பு உடன் இருந்தது.

எல்லாம் முடித்து அனுப்பிய மறுநாள், படிவம் நிராகரிக்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. மகனின் சோஷியல் செக்யூரிட்டி எண், அதாவது அரசு தரும் அடையாள எண், ஏற்கெனவே வேறொரு படிவத்தில் பயன்படுத்தப்பட்டுவிட்டதாம். அவனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். கல்லூரி நூலகத்தில் பகுதிநேர வேலை பார்த்து ஈட்டிய 6,200 டாலருக்கு, பிடித்தம் செய்யப்பட்ட சிறு வரித்தொகையைத் திரும்பப் பெறுவதற்காக, கைப்பேசிச் செயலி ஒன்றில் அவனே பத்து நிமிடத்தில் தாக்கல் செய்திருக்கிறான். உங்களை வேறு யாராவது சார்ந்தோராகக் காட்ட முடியுமா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்திருக்கிறான். "அப்பா, நான்தானே சம்பாதிச்சேன், அப்புறம் ஏன் உங்களைச் சார்ந்தவன்னு எழுதணும்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தன்மானம் இருந்தது. ஆனால் படிவம் கேட்பது தன்மானத்தை அன்று. பெற்றோர் காட்டப்போகிறார்களா என்று அது கேட்கவில்லை. காட்டத் தகுதி இருக்கிறதா என்றே கேட்கிறது. தகுதி இருந்தால் 'ஆம்' என்பதே விடை.

இதில் வேதனை என்னவென்றால், அவன் 'ஆம்' என்று குறித்திருந்தால் அவனுக்கு ஒரு சென்ட் கூட இழப்பில்லை. சார்ந்திருக்கும் ஒருவர் உழைத்து ஈட்டிய வருமானத்துடன் 450 டாலரைக் கூட்டி வரும் தொகை, வழக்கமான நிலைக்கழிவின் (வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கப்படும் நிலையான தொகை) உச்சவரம்பைத் தாண்டாத வரை, அவருடைய கழிவாகிறது. அவனுக்கு அது 6,650, வருமானமோ 6,200. வரி பூஜ்யம், பிடித்த தொகை முழுவதும் திரும்பி வந்திருக்கும். எங்கள் பக்கம் அவனுக்கான 500 டாலரும், கல்விக் கட்டணத்துக்கான அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட் 2,500 டாலரும் ஆக 3,000 டாலர் அந்த ஒரு கட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நிராகரிப்புக்குப் பிறகு மென்பொருள் காட்டிய வழி என்ன தெரியுமா? 'இவரை நீக்கிவிட்டு மீண்டும் அனுப்புக' என்ற பெரிய நீலப் பொத்தான். அதைத் தட்டினால் 3,000 டாலர் போய்விடும் என்ற எச்சரிக்கை அதில் இல்லை. காகிதத்தில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பலாம் என்ற மாற்று வழி, உதவிப் பக்கங்களைத் துழாவிய பிறகே கிடைத்தது. இந்த மென்பொருளின் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான். 18 வயதைத் தாண்டிய மாணவரைச் சேர்க்கும்போதே, 'அவர் தனியாகப் படிவம் தாக்கல் செய்துவிட்டாரா, எப்படிக் குறித்தார்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பணம் பெற்றுப் படிவம் தயாரிக்கும் மனிதர் ஒருவர், இத்தகைய சலுகைகளைக் கோரும்போது தேவையானவற்றை விசாரித்து அறிந்ததாக 8867 படிவத்தை நிரப்பியாக வேண்டும். நாமே மென்பொருளை இயக்கும்போது விசாரிக்கும் கடமையும் நம் தலையில்தான். அலட்சியத்தால் தவறாகக் கோரினால் 2 ஆண்டுகளுக்கும், மோசடி என்று தெரிந்தால் 10 ஆண்டுகளுக்கும் அந்தச் சலுகையைக் கோர முடியாமல் தடை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

என் மைத்துனர் குடும்பத்துக்கும் இதே மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். வெளிநாட்டுப் பணியாளரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் வந்த அவருடைய 8 வயது மகளுக்கு, சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்களுக்கு வரித்துறை தரும் ஐ.டி.ஐ.என். எண் மட்டுமே உண்டு. வேலை செய்யத் தகுதியுள்ள சோஷியல் செக்யூரிட்டி எண், படிவத்தின் கெடு நாளுக்குள் வழங்கப்பட்டிருந்தால்தான் 2,200 டாலர், இல்லையேல் 500. அதை முதல் திரையிலேயே நேர்த்தியாக விளக்கியது. பிள்ளைகளின் எண்ணை வரித்துறை ஏன் இவ்வளவு கறாராகக் கேட்கிறது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1986-இன் வரிச் சீர்திருத்தச் சட்டம் 5 வயது நிறைந்த பிள்ளைகளின் எண்ணையும் எழுதச் சொன்னபோது, 1987-ஆம் ஆண்டுப் படிவங்களிலிருந்து ஏறத்தாழ 70 லட்சம் 'பிள்ளைகள்' காணாமல் போனார்கள்.

பிரிந்து வாழும் பெற்றோருக்கான பகுதியை ஒரு மாதிரிப் பதிவை உருவாக்கிச் சோதித்தேன். பிள்ளை யாரிடம் அதிக இரவுகள் தங்கியது என்று கேட்கிறது. பிள்ளையைக் காட்டும் உரிமையை மற்றவருக்கு விட்டுக்கொடுக்க 8332 படிவம் வேண்டும் என்பதையும் சொல்கிறது. டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தையையும் முழு ஆண்டும் உடன் வாழ்ந்ததாகச் சரியாகவே எடுத்துக்கொண்டது.

மகன் 1040-எக்ஸ் திருத்தப் படிவத்தை அனுப்பிவிட்டான். எங்கள் படிவம், இருவரும் மையில் கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் போயிருக்கிறது. ரீஃபண்ட் இன்னும் வரவில்லை. சிறு பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டுக்கு இந்த மென்பொருளை ஐந்துக்கு நான்கு என்று பரிந்துரைப்பேன். கல்லூரிப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இரண்டுதான். அதுவும் பிள்ளையின் படிவத்தைப் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு.