எட்டு வருடம் ஓட்டிய பிறகு: ரிமோட் பாய்மரப் படகு அனுபவம்

என்னிடம் இரண்டு ரிமோட் பாய்மரப் படகுகள் இருக்கின்றன. சின்னது 65 சென்டிமீட்டர். பாகங்களாக வரும் கிட்டை வாங்கிப் பூட்டியது, எட்டு வருடமாக ஓடுகிறது. பெரியது ஒரு மீட்டர். மெல்லிய மரப்பட்டிகளை ஒவ்வொன்றாக ஒட்டி நானே கட்டியது, தண்ணீரில் இறங்கி ஆறு வருடம் ஆகிறது. புதிதில் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அப்போது என் கண் முழுக்கப் படகின் கூட்டின், அதாவது அதன் உடலின் மேல்தான் இருந்தது. வளைவு, வார்னிஷ், பளபளப்பு. இப்போது யாராவது கேட்டால் பாயைப் பற்றித்தான் முதலில் பேச ஆரம்பிக்கிறேன். அடுத்தது, தண்ணீர் உள்ளே வராமல் காப்பது. கூட்டின் அழகு மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது.

இந்தப் பக்கமே வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் மோட்டார் கிடையாது, ஓட்டுவது காற்று. கையில் உள்ள டிரான்ஸ்மிட்டருக்கு இரண்டே வேலை. ஒரு குச்சி சுக்கானைத் திருப்பும். இன்னொன்று உள்ளே இருக்கும் வின்ச்சைச் சுழற்றிப் பாய்க்கயிற்றை இழுக்கும், விடும். ஜிப் என்கிற முன்பாயும் மெயின் என்கிற பெரும்பாயும் ஒரே வின்ச்சில்தான் கட்டப்பட்டிருக்கும். வேகம் என்று பார்த்தால், ஒரு மீட்டர் படகு காற்றை எதிர்த்து நன்றாகப் போகும்போது நொடிக்கு 1.25 மீட்டர் அளவில் இருக்கும். நாம் நடக்கிற வேகம்தான். கரையோரமாகக் கூடவே நடந்து போகலாம். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

படகு சின்னதாக ஆக ஆகக் காற்று அதற்குப் பெரிதாகிவிடும். நிஜப் படகு ஒன்றை எல்லாப் பக்கமும் பாதியாகச் சுருக்கினால் பாயின் பரப்பு நான்கில் ஒன்றாகும், எடை எட்டில் ஒன்றாகும், சாயாமல் எதிர்த்து நிற்கும் பலமோ பதினாறில் ஒன்றாகிவிடும். நிஜப் படகை அப்படியே அளவு குறைத்துக் கட்டினால் முதல் காற்றுக்கே படுத்துவிடுவது இதனால்தான். அதற்காகத்தான் மாதிரிப் படகில் கீல் என்கிற அடித்தகடு ஆழமாக இறங்குகிறது, அதன் அடியில் ஈயக் குண்டு தொங்குகிறது. உலகம் முழுக்கப் போட்டிகளில் ஓடும் இன்டர்நேஷனல் ஒன் மீட்டர் வகுப்பின் விதியைப் பாருங்கள். மொத்தப் படகும் குறைந்தது 4 கிலோ இருக்க வேண்டும், அதில் ஈயத்தோடு சேர்ந்த கீல் மட்டும் 2.2 முதல் 2.5 கிலோ. பாதிக்கு மேல் எடை அடியில்தான். தண்ணீருக்குள் 420 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். ஆகவே படகை வாங்கும் முன்பே தண்ணீரைப் பார்த்து வையுங்கள். முழங்காலுக்கு மேல் ஆழம் இல்லாத கரையில் ஒரு மீட்டர் படகை இறக்கவே முடியாது.

சரி, சின்னப் படகு. அது என்னை ஏமாற்றியதே இல்லை. ஒரு மாலைப்பொழுதில் பூட்டி முடித்தேன். முட்டி மோதிய இடங்களில் பிளாஸ்டிக் கீறியிருக்கிறது, அவ்வளவுதான். மாற்றியவை சுக்கானைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோ ஒன்று, இரண்டு முறை கயிறு, மூன்று முறை பாய். கூடவே வந்த கயிறு நனைந்தால் கொஞ்சம் நீளும். நீளாத டைனீமா இழைக் கயிறுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. மெல்லிய காற்றில் இன்றும் அது பெரியதைவிடச் சுறுசுறுப்பாகத் திரும்பும். காற்று பலத்தால் மட்டும் மூக்கைத் தண்ணீருக்குள் குத்திக்கொண்டு திணறும். அப்போது சின்னப் பாய்க்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் சமாளிக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும், ஆனால் ஒருமுறைகூடச் சமாளிக்க முடிந்ததில்லை.

ஒரே ஒரு நாள் அதைத் தொலைக்கப் பார்த்தேன். கரையிலிருந்து நூறு மீட்டர் தாண்டியதும் சுக்கான் கேட்கவில்லை. பாய் இறுக்கமாக நிற்க, படகு தன் பாட்டுக்கு எதிர்க்கரை நாணல் பக்கம் போய்ச் சேர்ந்தது. சுற்றி நடந்து போய் எடுத்து வந்து திறந்து பார்த்தால், ரிசீவரின் ஆன்டெனா கம்பி சுருண்டு படகின் அடியில் கிடக்கிறது. அதாவது நீர்மட்டத்துக்குக் கீழே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கிவிடும். அன்றே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மேல்தளத்தின் உள்பக்கம் ஒட்டி, கம்பியை நேராக நீட்டி அதற்குள் விட்டேன். சிக்னல் அறுந்தால் பாய் தளர்ந்து, சுக்கான் லேசாகத் திரும்பி, படகு அங்கேயே வட்டமடிக்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்தேன். அந்தப் பிரச்சினை அதற்கப்புறம் இரண்டு படகிலும் வரவில்லை.

பெரிய படகுக்கு வருவோம். கட்டுவதற்கு ஐந்து மாதம் எடுத்தது. 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் குறுக்குச் சட்டங்களை அறுத்து, நேரான பலகை மேல் தலைகீழாக நிறுத்தி, ஓரங்களில் பேக்கிங் டேப் ஒட்டி (இல்லையென்றால் பசை பிடித்துக்கொண்டு கூடு கழன்று வராது), 6 மில்லிமீட்டர் அகல சீடர் மரப் பட்டிகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டினேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று பட்டி. ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் கூடு முறுக்கிக்கொள்ளும். உப்புத்தாள் போடும்போது கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். மேலே சதுர மீட்டருக்கு 50 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைத் துணியும் எபாக்சி என்கிற கெட்டிப் பசையும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. சீடர் மரத்தின் வாசனை வாரக்கணக்கில் அறையை விட்டுப் போகவில்லை.

ஆனால் இந்த மகிழ்ச்சிக்குள்ளேதான் மூன்று தவறுகளும் நடந்தன. வார்னிஷ் ஐந்து பூச்சு பூசினேன். இரண்டு போதும். படகு முடிந்ததும் எடை போட்டால் 4.16 கிலோ. கூடுதலான 160 கிராமில் பெரும்பகுதி வார்னிஷும் புட்டியும்தான். இரண்டாவது, சுக்கான் குழாய் கூட்டைத் துளைத்து வரும் இடத்தில் போட்ட எபாக்சிப் பூச்சு பார்வைக்குத் தடிப்பாக இருக்கிறதே என்று தேய்த்து மெலிதாக்கினேன். மூன்றாவது, எல்லாம் முடிந்த களைப்பில் பாயை இரண்டே இரவில் வெட்டி ஒட்டினேன்.

இரண்டாவது தவறு முதலில் பிடிபட்டது. பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் படகைத் தூக்கிக் கொடுக்கும்போது காதருகே வைத்து ஆட்டினார். “தம்பி, உள்ளே தண்ணிச் சத்தம் கேக்குது பாருங்க” என்றார். சமையலறைத் தராசில் வைத்தேன். காலையில் 4.16, ஒரு மணி நேரம் ஓடி வந்த பிறகு 4.23. எழுபது கிராம் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. எடை என்பதைவிட, அந்தத் தண்ணீர் சாய்கிற பக்கமெல்லாம் ஓடுகிறது என்பதுதான் கொடுமை. காற்று தள்ளும் பக்கமே அதுவும் போய்ச் சேர்ந்து படகை இன்னும் சாய்க்கும்.

ஓட்டையைத் தேட எளிய வழி இருக்கிறது. தளத்தில் உள்ள திறப்புகளை எல்லாம் டேப்பால் மூடி, ஒன்றில் மட்டும் ரப்பர் குழாயைச் செருகி மெதுவாக வாயால் ஊதினேன். தூரிகையால் சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். கீல் பெட்டி சுத்தம். பாய்மரம் இறங்கும் குழி சுத்தம். சுக்கான் குழாயின் அடியில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின, நான் அழகுக்காகத் தேய்த்த அதே இடத்தில். தேய்த்ததற்கு இரண்டு மடங்காகத் திரும்பப் பூசினேன். சுக்கான் தண்டுக்கும் குழாய்க்கும் நடுவில் வருடத்துக்கு இரண்டு முறை கிரீஸ் வைக்கிறேன். இன்றும் ஒவ்வொரு தடவையும் போகும்போதும் வரும்போதும் எடை பார்க்கிறேன். 5 கிராமுக்கு மேல் கூடினால் அன்று இரவே நுரையும் குழாயும் வெளியே வரும். வீடு வந்ததும் திறப்பு மூடிகளைக் கழற்றி ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். மரப்படகுக்கு இது கட்டாயம்.

மூன்றாவது தவறு புரிய ஒரு வருடம் ஆனது. என் படகு அழகாக இருந்தது, பின்தங்கியே வந்தது. கீலைச் சந்தேகப்பட்டேன், வின்ச்சைச் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் இன்னொருவர் தன் பாய்களை என் பாய்மரத்தில் மாட்டி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அதே கூடு, அதே 160 கிராம் கூடுதல் எடை, அதே நான். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. படகு வேறு படகாகிவிட்டது.

பாய் என்பது தட்டையான தாள் இல்லை. நான்கைந்து துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டுகிறோம். ஒட்டும் ஓரம் நேராக இருக்கக் கூடாது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளைவு கொடுக்க வேண்டும். அந்த வளைவுதான் பாய்க்கு வயிறு கொடுக்கிறது. வயிறு ஆழமானால் மெல்லிய காற்றில் இழுக்கும், பலத்த காற்றில் படகைப் படுக்க வைக்கும். என் முதல் பாயில் வளைவைக் கண்ணளவில் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஒட்டும் ஒவ்வொரு மாதிரி. இப்போது ஒட்டுவதற்கென்றே ஒரு வளைந்த பலகை செய்து வைத்திருக்கிறேன். 50 மைக்ரான் பாலியஸ்டர் ஃபிலிமை அதில் படிய வைத்து, மெல்லிய இருபக்க டேப்பால் ஒட்டுகிறேன். எல்லா ஒட்டும் ஒன்றுபோல வருகின்றன. ஒரு ஜோடிப் பாய்க்கு எனக்கு இரண்டு வாரம் ஆகிறது, அவசரப்படுவதே இல்லை. ஒரு ஜோடி இரண்டு வருடம் உழைக்கும். மடித்து வைத்தால் மடிப்புக்கோடு போகவே போகாது, தடித்த குழாயில் சுருட்டித்தான் வைக்க வேண்டும்.

பாயின் மேல்பகுதியில் படும் காற்று கீழ்ப்பகுதியில் படுவதைவிட வேகமானது, தண்ணீரை ஒட்டிய காற்று உரசலில் தளர்ந்துவிடும். அதனால் பாயின் பின்னோரம் மேலே போகப் போகக் கொஞ்சம் விலகித் திறந்திருக்க வேண்டும். அந்தத் திறப்பைப் பெரும்பாயில் கிக்கர் (பாயின் அடியில் உள்ள பூம் என்கிற கிடைக்கம்பைக் கீழே இழுத்துப் பிடிக்கும் திருகு) தீர்மானிக்கிறது, முன்பாயில் அதன் பூமின் நுனியைத் தூக்கும் மெல்லிய கயிறு. கிக்கரில் அரைச் சுற்று திருகினால்கூடக் கரையிலிருந்தே வித்தியாசம் தெரியும். எந்தக் காற்றுக்கு எந்த அளவு சரியாக வந்தது என்று பாய்மரத்தில் மார்க்கரால் கோடு போட்டு, ஒரு நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன். என்னிடம் இருக்கும் கருவிகளிலேயே அதிகம் உழைத்தது அந்த நோட்டுதான்.

ரேடியோ வருவதற்கு முன்னாலேயே இந்தப் படகுகள் ஓடின. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் உள்ள மார்பிள்ஹெட் ஊரின் பெயரில் 1930களில் வந்த வகுப்புக்கு 50 அங்குல நீளம், 800 சதுர அங்குலப் பாய். கரையில் வைத்து அளவு பார்த்து விட்டுவிட்டால் எதிர்க்கரை வரை அதுவாகவே போயாக வேண்டும். காற்றாடித் தகடு ஒன்று சுக்கானைத் திருப்பிக் கொடுக்கும். ஆட்கள் கையில் கோலோடு கரையில் கூடவே ஓடுவார்கள். அதை நினைத்துத்தான் நானும் ஒரு சோதனை செய்கிறேன். எதிர்காற்றில் ஓடும்போது சுக்கான் குச்சியை விட்டுவிடுவேன். படகு நேராகவோ, மிக லேசாகக் காற்றை நோக்கியோ போனால் சரி. சடாரென்று காற்றுக்குள் மூக்கை விட்டால் பாய்மரம் பின்னால் அதிகம் சாய்ந்திருக்கிறது, கொஞ்சம் முன்னே கொண்டுவர வேண்டும். காற்றை விட்டு விலகி ஓடினால் அதற்கு எதிர்.

ஓட்டப் பழகுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படகு நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். நாமே அணியத்தை, அதாவது முன்முனையைப் பார்த்துப் படகில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் கை தானாகப் பழகிவிடும். காற்றுக்கு எதிரே திரும்பும்போது சுக்கானை முழுசாக ஒடிக்காதீர்கள். அது அப்போது பிரேக் மாதிரி வேலை செய்து படகைப் பாதித் திருப்பத்திலேயே நிறுத்திவிடும். காரணமே இல்லாமல் படகு சோம்பினால் கீலில் பாசி மாட்டியிருக்கும். காற்றுக்கு நேரே நிறுத்திப் பின்னால் நகர விட்டால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

போட்டிக்குப் போனால் நிஜப் படகுகளின் அதே விதிகள்தான், ரேடியோ படகுக்கென்று பின்னிணைப்பு ‘E’ தனியாக இருக்கிறது. தப்பு செய்தால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடரலாம். கரையில் தோளோடு தோள் நின்று, பாய் எண்ணைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டு ஓட்டுவது தனி அனுபவம். என் பாயின் குறைகளில் பாதியை அங்கேதான் கண்டுபிடித்தேன். தனியாக ஓட்டினால் எந்தப் படகும் வேகமாகத்தான் தெரியும்.

மின்சாமான்களில் பேட்டரியும் இணைப்புகளும்தான் கவனிக்க வேண்டியவை. இரண்டு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 6.6 வோல்ட், எனக்குச் சரியாக வந்திருக்கிறது. வின்ச்சும் சர்வோவும் அந்த வோல்டேஜைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் ஓட்டினால் அன்றே நல்ல தண்ணீரில் வெளிப்புறம் முழுக்க அலசிவிட வேண்டும். ஒருமுறை விட்டதற்கு ஸ்விட்ச் முழுக்கப் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. இப்போது ஸ்விட்சே இல்லை, பேட்டரிச் செருகியை நேராகச் செருகுகிறேன்.

இந்த மாதம் பெரிய படகுக்கு நான்காவது ஜோடிப் பாய் வெட்டிக்கொண்டிருக்கிறேன். முன்பாய் முடிந்துவிட்டது, பெரும்பாயில் இரண்டு ஒட்டு பாக்கி. அணியத்தில் இரண்டு இடத்தில் வார்னிஷ் உரிந்திருக்கிறது. பாய் முடியட்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.