ஒரே வயரா, சேஞ்ச் ஓவரா? கேரவனுக்கு ஜெனரேட்டர் கொடுத்த கதை

சித்திரையில் பெரியப்பாவுக்குப் பீமரத சாந்தி. கானாடுகாத்தானை அடுத்த எங்கள் ஊர் வீட்டில்தான் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வீடு பெரியது. முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். ஆனால் வயரிங் அப்பத்தா கல்யாணமாகி வந்த காலத்து மரப்பட்டி, பீங்கான் ஃபியூஸ். அதில் அறைக்கு அறை ஏசி மாட்ட எவருக்கும் மனம் வராது. ஆத்தாவுக்கு முட்டி மடங்காது, வெயிலும் ஆகாது. அதனால் ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கும் எங்கள் கேரவனைக் கொண்டுபோய்ப் பின்தெருவில் நிறுத்தினோம். உள்ளே ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, சின்ன ஃபிரிட்ஜ், மேல்நாட்டுக் கழிப்பறை. கரண்ட் போனால் 2.8 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர்.

அந்த ஜெனரேட்டரை வண்டிக்குள் எப்படிக் கொடுப்பது என்பதில் மூன்று வருடத்தில் மூன்று வழி பார்த்துவிட்டேன். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சேஞ்ச் ஓவர் சுவிட்ச், ஒரே வயரை மாற்றி மாற்றிக் குத்துவது. இப்போது மூன்றாவதில் நிற்கிறேன். கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன். அதற்குக் காரணம் செலவு அல்ல, நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஃபேனும் போன் சார்ஜரும் மட்டும் என்றால் ஓடும். ஏசி என்று வந்தால் கூடாது. முதல் வருடம் அந்த பாக்ஸுக்கு வீட்டிலிருந்து ரெண்டு கோர் வயரில் கரண்ட் இழுத்திருந்தேன், எர்த் கிடையாது. காலையில் குளித்துவிட்டு ஈரக்காலோடு வண்டியின் அலுமினியக் கைப்பிடியைத் தொட்டேன். விரல் நுனியில் எறும்பு ஓடியது போல ஒரு சுருக். ஏசி போர்டில் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாக வண்டி உடம்புக்குக் கசியும் மின்சாரம் அது. எர்த் வயர் இருந்திருந்தால் அதன் வழியே போயிருக்கும். இல்லாததால் என் வழியே போனது. அன்றோடு அந்த பாக்ஸ் மாட்டுக்கொட்டகை ஃபேனுக்குப் போய்விட்டது.

அப்புறம் எல்லா எலக்ட்ரீஷியனும் சொல்வதைச் செய்தேன். "ஒரு சேஞ்ச் ஓவர் போட்டுருங்கண்ணே, கைப்பிடியை அந்தப் பக்கம் தள்ளினா ஈபி, இந்தப் பக்கம் தள்ளினா ஜென்செட்." கேட்க அழகாகத்தான் இருந்தது. கேரவனுக்கு பாடி கட்டிய பட்டறையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். வண்டிக்கு வெளியே வயர் குத்த இரண்டு இன்லெட், உள்ளே கட்டிலுக்கு அடியில் சுவிட்ச். மழை பெய்தால் நனைய வேண்டாம், ராத்திரி எழுந்து இருட்டில் வயர் தேட வேண்டாம். இந்த வசதிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. வயதானவர்கள் தனியாகப் படுக்கும் வண்டி என்றால் இன்றைக்கும் அதையே சிபாரிசு செய்வேன், சுவிட்ச் சரியான சுவிட்சாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

சிக்கல் அந்த நிபந்தனையில்தான். சாந்திக்கு முந்தைய வாரம், காரைக்குடியில் எங்களுக்கு வழக்கமாக வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் தம்பியை வண்டியைப் பார்க்கச் சொன்னேன். மூடியைக் கழற்றியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அண்ணே, இதுல ஃபேஸ் மட்டும்தான் மாறுது. நியூட்ரல் ரெண்டுக்கும் ஒண்ணா முறுக்கி விட்டிருக்காங்க" என்றார்.

அதனால் என்ன என்றுதான் நானும் கேட்டேன். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நம் தெருவுக்கு வருவது கரண்ட் கொண்டுவரும் மூன்று ஃபேஸ் கம்பி, அது திரும்பும் ஒரு நியூட்ரல். கம்பத்தில் அந்த நியூட்ரல் அறுந்துவிட்டால், தெருவில் ஓடும் மற்ற வீட்டு லோடுகள் வழியாக நம் வீட்டு நியூட்ரல் கம்பியில் வோல்ட் ஏறிவிடும். நியூட்ரல் கட் ஆகி டிவி புகைந்த கதை ஊருக்கு ஒன்று உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில்தான் நாம் கைப்பிடியை ஜெனரேட்டர் பக்கம் தள்ளிவிட்டு நிம்மதியாகப் படுப்போம். ஆனால் நியூட்ரல் பொது. ஈபி வயர் இன்லெட்டில் குத்தியபடியே இருக்கிறது. அந்த வோல்ட் வண்டிக்குள் வந்துகொண்டே இருக்கும்.

இதற்கு மேல் இன்னொன்று. சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இணைப்பே இருக்காது, இரண்டு கம்பியும் அந்தரத்தில் நிற்கும். ஈபி லைனில் அந்த இணைப்பு டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் இருக்கிறது. வண்டியில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கசிவைக் கண்டால் தானாக விழும் சுவிட்ச், அதை நம்பித்தான் வேலை செய்கிறது. போன ஃபேஸ் கரண்டும் திரும்பி வரும் நியூட்ரல் கரண்டும் சமமாக இல்லையென்றால் எங்கோ கசிகிறது என்று அறுத்துவிடும். அந்தரத்தில் நிற்கும் ஜெனரேட்டரில் கசிவு திரும்பிப் போக வழியே இல்லை. வழி இல்லாவிட்டால் கசிவும் ஓடாது, ஆர்சிசிபியும் அசையாது. முதல் பழுது வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது பழுது வரும்போதுதான் ஆளைத் தேடும்.

தம்பி இதைக் கையால் காட்டினார். ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், நம் ஊர் டெஸ்ட் லாம்ப். முதலில் வண்டியை ஈபியில் போட்டு, ஒரு முனையை ஃபேஸிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தார். பல்பு கண் சிமிட்டக்கூட இல்லை, ஆர்சிசிபி டக்கென்று விழுந்தது. அடுத்து ஈபி வயரைப் பிடுங்கிவிட்டு, ஜெனரேட்டரில் போட்டு அதே இடத்தில் வைத்தார். பல்பும் எரியவில்லை, ஆர்சிசிபியும் விழவில்லை. "டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கண்ணே" என்றார். அமுக்கினேன், விழுந்தது! அந்த பட்டன் ஆர்சிசிபிக்குள்ளேயே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே வேலை செய்வது. எர்த் பக்கம் என்ன நிலைமை என்று அது சொல்லவே சொல்லாது. இரண்டு வருடமாக நான் மாதாமாதம் அந்த பட்டனை அமுக்கித்தான் தைரியமாக இருந்தேன்.

இதற்குத் தீர்வு, ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்ப்பது. ஒரு 3 பின் டாப் எடுத்து உள்ளே நியூட்ரல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் ஒரு துண்டு வயர் போட்டு, ஃபேஸ் பின்னைக் காலியாக விட்டு மூடி, ஜெனரேட்டரில் சும்மா இருக்கும் இரண்டாவது சாக்கெட்டில் குத்திவிடுவது. குத்திவிட்டு மறுபடி டெஸ்ட் லாம்ப் வைத்தார், ஆர்சிசிபி விழுந்தது. அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் பலரும் இதே மாதிரி பிளக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பொது நியூட்ரல் சேஞ்ச் ஓவரும் இந்த பிளக்கும் ஒரே வண்டியில் இருந்தால், தெருவில் அறுந்த நியூட்ரலின் வோல்ட் பிளக் வழியாக எர்த் கம்பிக்கு வந்து, அங்கிருந்து வண்டியின் அலுமினிய உடம்புக்கே வந்துவிடும். சேர்ப்பு ஆர்சிசிபிக்கு முன்னால் இருப்பதால் அது கண்டுகொள்ளாது. தனித்தனியே இருந்தால் தப்பிக்கலாம், இரண்டும் சேர்ந்தால் ஆள் காலி. டபுள் போல் சேஞ்ச் ஓவர் போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை, ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே மாறும். ஆனால் கட்டிலுக்கு அடியில் மூடிக்குள் இருப்பது டபுள் போல்தானா, அதற்குப் பின்னால் யாராவது நியூட்ரலை முறுக்கி வைத்திருக்கிறார்களா என்று வண்டி வைத்திருப்பவருக்குத் தெரியாது. எனக்கு இரண்டு வருடம் தெரியவில்லை.

ஒரே வயரில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. வண்டிக்கு ஓர் இன்லெட், ஒரு 3 கோர் கேபிள், நுனியில் 16 ஆம்பியர் 3 பின் டாப். வீட்டு சாக்கெட்டில் குத்தினால் ஈபி. பிடுங்கி ஜெனரேட்டரில் குத்தினால் ஜெனரேட்டர். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் ஒரே பிடுங்கலில் போய்விடும். எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஈபி லைனுக்குள் நம் கரண்ட் ஏறவும் வழியில்லை. இதைச் சும்மா சொல்லவில்லை. பந்தல்காரர்கள் சிலர் இரண்டு நுனியிலும் ஆண் பின் வைத்த வயரைக் கொண்டுவந்து ஜெனரேட்டரை வீட்டு சாக்கெட்டில் குத்துவதை விசேஷ வீடுகளில் பார்த்திருக்கிறேன். மெயின் ஆஃப் செய்ய மறந்தால், தெரு டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து 11,000 வோல்ட் பக்கம் ஏற்றிவிடும். கம்பத்தில் நிற்கும் லைன்மேனுக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரம், 20 மீட்டர். 10 ஆம்பியர் இழுத்தாலும் வழியில் சுமார் 3 வோல்ட்தான் போகும். 20 மீட்டர் எதற்கு என்றால், ஜெனரேட்டரை வண்டிக்கும் வீட்டு ஜன்னலுக்கும் 20 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். மேலே திறந்துதானே இருக்கிறது என்று வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், வைக்கச் சொன்ன அத்தானை அன்று நான் விரட்டாத குறை. நாலு பக்கமும் அறைக் கதவுகள். பெட்ரோல் புகையில் வரும், ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

"எர்த் கம்பி அடித்தால் போதாதா?" என்றும் அத்தான்தான் கேட்டார். எங்கள் ஊர் செம்மண்ணும் சரளையும் சித்திரையில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா! இரண்டடிக்கு மேல் கம்பி இறங்கவில்லை. அப்படி அடித்த கம்பிக்கு 100 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 230 வோல்ட்டில் 2.3 ஆம்பியர்தான் ஓடும். கரண்ட் அளவு மீறினால் விழும் 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது கொசுக்கடி. பழுதுக் கரண்ட் திரும்ப வேண்டியது கேபிளில் இருக்கும் பச்சை எர்த் வயர் வழியாக, மண் வழியாக அல்ல.

அமெரிக்க வீடியோ பார்த்து 30 ஆம்பியர் பிளக் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே அந்த டிரெய்லர் பிளக் 120 வோல்ட், 30 ஆம்பியர், அதாவது 3600 வாட். நம் 230 வோல்ட் 16 ஆம்பியர் சாக்கெட் 3680 வாட். நம் ஊர் பவர் பிளக்கே போதும், என் ஜெனரேட்டரோ முழு லோடில் சுமார் 12 ஆம்பியர்தான் தரும்.

ஒரே வயரிலும் குறை உண்டு. மழையில் நனைய வேண்டும். ஏசி ஓடும்போதே பிடுங்கினால் பின் கருகும். என்னுடைய முதல் டாப்பின் ஃபேஸ் பின் ஒரே சீசனில் கறுத்து, பிளாஸ்டிக் இளகிவிட்டது. இப்போது வண்டி மெயினை ஆஃப் செய்து, பிடுங்கி, ஜெனரேட்டரில் குத்தி, அது சீராக ஓடிய பிறகு மெயின், மூன்று நிமிடம் கழித்து ஏசி. ஆத்தாவுக்கு இது பொறுக்காது. "என்னப்பா, சாமி கும்பிடுற மாதிரி நேரம் பார்க்குற" என்பார்.

தானாக மாறும் சேஞ்ச் ஓவரைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. சென்னையில் அத்தான் வீட்டு அடுக்ககத்தில் வேலை செய்வதைப் பார்த்ததோடு சரி. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் ஜெனரேட்டருக்கு எப்படியும் ஒருவர் எழுந்து போகத்தான் வேண்டும் என்பதால் நான் அதைத் தேடவில்லை.

சேர்ப்பு பிளக்கிலும் இரண்டு எச்சரிக்கை. சில ஜெனரேட்டர்களில் நியூட்ரல் ஏற்கெனவே இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும், மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு, மேனுவலையும் படித்துவிட்டுப் போடுங்கள். அடுத்து, அந்த பிளக் எந்தக் காரணத்தைக் கொண்டும் வீட்டு சாக்கெட்டுக்குப் போகக் கூடாது. சாந்தியன்று சமையல்கட்டுப் பையன் ஒருவன் "வயரே இல்லாத பிளக் கெடக்குதுங்க" என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு வளவுக்குள் வந்து நின்றான். மறுநாள் காரைக்குடிக்குப் போய் ஒரு முழம் சங்கிலி வாங்கி, அதை ஜெனரேட்டர் கைப்பிடியோடு பூட்டிவிட்டேன்.