கல்லடி உப்புக்காற்றும் என் சுபாருவின் பிரேக்கும்

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற கல்லடியில், 2002ஆம் ஆண்டு சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன். கார் பிரியர்கள் யார் வந்தாலும் முதலில் சக்கரத்துக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அடுத்த கேள்வி: "பிரெம்போ எப்ப போடப் போறீங்க?"

பிரெம்போ என்றால் இத்தாலியக் கம்பனியின் பெரிய பிரேக். இன்னும் போடவில்லை. பல வருடம் ஓட்டிப் பார்த்த பிறகும் அது அவசரமாகத் தெரியவில்லை. மட்டக்களப்பில் பிரேக்கைக் கெடுப்பது சூட்டைவிட உப்பும் ஈரமும்தான். கார் சும்மா நிற்பது இரண்டையும்விட மோசம். காசு முதலில் அங்கேதான் போக வேண்டும். எனது பிரேக்கில் எதற்குச் செலவழித்தேன், எதற்குச் செலவழிக்கவில்லை என்பதை இதே மாதிரிக் கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

என் காரில் முன்னுக்குக் கம்பனி போட்ட நாலு பிஸ்டன் கலிப்பரும் 294 மில்லிமீற்றர் டிஸ்க்கும் இருக்கின்றன. சக்கரத்தோடு சுற்றும் தட்டுத்தான் டிஸ்க்; பேட் என்ற உராய்வுக் கட்டைகளைப் பிஸ்டனால் அதன் இரண்டு பக்கமும் அழுத்துவது கலிப்பர். பின்னுக்குச் சறுக்கி வேலை செய்யும் ஒற்றைப் பிஸ்டன் கலிப்பர். இதே தலைமுறை இம்ப்ரெசாவின் இன்னும் வேகமான வகையான எஸ்டிஐயில் வரும் பிரெம்போவுக்கு முன் டிஸ்க் 326 மில்லிமீற்றர். குறைந்தது 17 அங்குல ரிம் வேண்டும். என்னிடம் இருப்பது 16 அங்குலம். ஆகவே பிரெம்போ என்றால் கலிப்பர் வாங்குவதோடு முடியாது: ரிம்மும் நாலு டயரும் மாற வேண்டும், முன் பின் பிரேக் சமநிலையையும் புதிதாகப் பார்க்க வேண்டும். அவ்வளவும் செய்தாலும், ஒரே ஒரு தடவை சடாரென்று மிதித்து நிறுத்தும்போது கார் போகும் தூரம் பெரிதாகக் குறையாது. இருக்கிற கலிப்பரே, சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்குச் சக்கரத்தைப் பிடிக்கிறதென்றால், அதற்கு மேல் நிறுத்த வேண்டியது டயர்தான். பெரிய டிஸ்க்கின் ஆதாயம் அடுத்தடுத்து மிதிக்கும்போது சூட்டைத் தாங்குவதில் இருக்கிறது. அதனால் நான் முதல் காசை நல்ல டயருக்குக் கொடுத்தேன். வேளாண்மை வெட்டுக் காலத்தில் றோட்டோரம் நெல் காயப் போட்டிருக்கும், கடற்கரைப் பக்கம் மணல் பறந்து கிடக்கும். தேய்ந்த டயர் அங்கே எந்தக் கலிப்பருக்கும் உதவாது.

2022இல் நாடே பெற்றோல் வரிசையில் நின்றது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். டர்போ காருக்கு அது எந்த மூலைக்கு? மோட்டார் சைக்கிளில் திரிந்தேன். கார் கொட்டிலுக்குள் நின்றது. மறுபடி ஓட்டத் தொடங்கியபோது மிதித்தால் ஒரு பக்கமாக இழுத்தது, வீட்டுக்கு வந்து இறங்கினால் ஒரு முன் சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத சூடு.

காத்தான்குடியில் என் காரைப் பார்க்கும் மெக்கானிக் நானா சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பேட்டின் முதுகில் இருக்கும் இரும்புத் தகட்டின் இரண்டு காதுகளிலும் துரு பொங்கி, கலிப்பரின் வாய்க்குள் ஆப்பு அடித்த மாதிரி இறுகியிருந்தது. பேட்டைத் தாங்கும் ஊசிகளை எண்ணெய் விட்டு ஊறவைத்துப் பஞ்ச் வைத்துத் தட்டித்தான் வெளியே எடுத்தார். பிறகு பேட். சுத்தியலால் அடிக்க அடிக்க, காய்ந்த செம்மண் மாதிரித் துருப்பொடி நிலத்தில் கொட்டியது. பழைய பேட்டை என் கையில் தந்து அவர் சொன்னது இதுதான்: "தம்பி, பேட் விரலால இழுத்தா வரணும். சுத்தியல் கேட்டா அது பிரேக் இல்ல."

இந்த நாலு பிஸ்டன் கலிப்பருக்கு இது தெரிந்த நோய். கலிப்பர் அசையாத வகை என்பதால் பேட்தான் தன் இடத்துக்குள் முன்னும் பின்னும் நகர வேண்டும். நகராவிட்டால் பெடலை விட்ட பிறகும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். அன்று கலிப்பர் வாயை அரத்தால் பளபளவென்று சுத்தம் செய்தோம். காற்றழுத்தத்தால் பிஸ்டன்களை வெளியே தள்ளிப் பார்த்ததில், தூசு மறைக்கும் ரப்பர் கிழிந்த இடத்தில் இரண்டு பிஸ்டன்களின் விளிம்பில் துரு குழி தோண்டியிருந்தது. அவற்றை மாற்றி, எல்லாவற்றுக்கும் புது சீல் கிட் போட்டோம். கலிப்பரின் இரண்டு பாதிகளையும் பிரிக்கவில்லை, அவசியமும் இருக்கவில்லை. அந்த ஒரு வேலைக்குப் பிறகு பெடலில் வந்த மாற்றம், நான் பின்னால் வாங்கி மாட்டிய எந்தச் சாமானும் தராதது. மிதித்த உடனே, நேராக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிடித்தது.

அதிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை, மாரி தொடங்க முதல் ஒன்றும் மாரி முடிய ஒன்றும், நாலு சக்கரத்தையும் கழற்றிப் பேட்டை விரலால் இழுத்துப் பார்ப்பது வழக்கம். பின் கலிப்பரின் சறுக்கு ஊசிகளைக் கழுவி, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கோன் கிரீஸ் மெல்லிதாகப் பூசுவோம். சாதாரண கிரீஸ் அந்த ரப்பர்களை ஊதவைத்துவிடும். அதைப் பூசித் தருகிற கராஜ்கள் இன்னும் இருக்கின்றன, பக்கத்தில் நின்று பாருங்கள்.

அடுத்தது பிரேக் ஒயில். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். அதன் தரத்தை டொட் எண் சொல்லும். டொட் 3 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஏறக்குறைய 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 140. டொட் 4க்கு 230, 155. டொட் 5.1க்கு 260, 180. போத்தலில் எழுதியிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குகிறோம், ஓட்டுவதோ சில மாதங்களில் சின்ன எண்ணை நோக்கி இறங்கும் ஒயிலில். வாவிக் காற்றுக்குள் நிற்கும் காருக்கு இரண்டு வருடம் ஒருமுறை என்ற பொதுக்கணக்கு எனக்குப் போதவில்லை. மாரி முடிந்ததும் வருடா வருடம் மாற்றுகிறேன். முதலில் டொட் 4, இப்போது 5.1. சீல் உடைக்காத சின்னப் போத்தல்தான் வாங்குவேன். கராஜ் தட்டில் மூடி திறந்தபடி நிற்கும் பெரிய போத்தல் எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் வேண்டாம். டொட் 5 என்பது சிலிக்கோன், வேறு சாதி. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதென்று 5.1க்குப் பதிலாக ஊற்றிவிடாதீர்கள். ரேஸ் ஒயில்களில் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்றது புதிதில் 312 பாகை தாங்கும். ஆனால் அடிக்கடி மாற்றுகிறவர்களுக்குத்தான் அது பொருந்தும். என் ஓட்டத்துக்குத் தேவைப்படவில்லை.

பிரேக் குழாய்களிலிருந்து எயர் எடுக்கும் ஒழுங்கையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் எந்தக் காரென்றாலும் தூரத்திலுள்ள பின் சக்கரத்தில் தொடங்குவார்கள். இந்த சுபாருவின் பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிந்து போகின்றன. அதனால் சேர்விஸ் கைநூல் சொல்லும் வரிசை முன் வலது, பின் இடது, முன் இடது, பின் வலது. நானாவுக்கு அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது.

பேட்டைப் பற்றிப் பேசும்போது மாட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆரையம்பதி தாண்டிக் களுவாஞ்சிக்குடிப் பக்கம் இரவில் போனவர்களுக்குத் தெரியும். பகல் முழுக்கச் சூடேறிய தாரில் மாடுகள் படுத்திருக்கும். எதிரே வரும் லொறியின் வெளிச்சத்தில் அவை கண்ணுக்கே படாது. வீட்டிலிருந்து புறப்பட்டு வெகுநேரம் பிரேக்கைத் தொடாமல் வந்து, முதல் தடவையாக முழுப் பலத்தோடு மிதிக்கும் இடம் அதுதான். டிஸ்க் அப்போது குளிர்ந்து கிடக்கும். ரேஸ் பேட்டுகள் சூடேறினால்தான் பிடிக்கும். நண்பர் ஒருவர் தந்த அப்படியான ஒரு சோடியைக் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தேன். மலையில் அருமை. கல்லடிப் பாலத்து நெரிசலில் கிறீச்சிட்டது, காலையில் முதல் மிதிக்கு மந்தமாக இருந்தது. எங்கள் சமதரைக்கு அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனமில்லை.

இப்போது போட்டிருப்பது நல்ல செராமிக் கலவைச் சாலைப் பேட். வாங்கும்போது பேட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறியீட்டின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது கடும் சூட்டில். ஈ என்றால் உராய்வெண் 0.25 தொடக்கம் 0.35, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. இரண்டும் எஃப் அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்தக் காருக்குச் சரி. எழுத்தே இல்லாத பேட்டை, பெட்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நான் கையால் தொடமாட்டேன். கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் ஊரில் வாங்கினாலும் இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை.

டிஸ்க்கில் துளை போட்டது அழகுக்கு நல்லது. ஆனால் கடும் சூட்டில் துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு வரும், உப்புக்காற்றில் துளைக்குள் துரு பிடிக்கும். நான் வெறும் டிஸ்க்தான் போட்டேன், நடுக்குடம் துருப்பிடிக்காதபடி பூச்சுப் பூசியது. புதிதில் கனம் 24 மில்லிமீற்றர். 22க்குக் கீழே போனால் வீசிவிட வேண்டும். ஸ்டியரிங் உதறினால் "டிஸ்க் வளைஞ்சிட்டு" என்று உடனே கடைய லேத்துக்கு அனுப்புவது இங்கே வழக்கம். பல நேரங்களில் வளைவு ஒன்றுமிருக்காது. பேட்டின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். கடைந்தால் உதறல் போகும், கூடவே டிஸ்க்கின் ஆயுளும் போகும்.

அது ஒட்டாமல் இருக்கத்தான் புதுப் பேட்டைப் பழக்குவது. செங்கலடியிலிருந்து கரடியனாறு தாண்டிப் புல்லுமலைப் பக்கம் போகும் ஏ5 வீதி இதற்கு நல்ல இடம். விடிந்த பிறகு போங்கள், யானைப் பயம் இருக்கிறது. பின்னால் வாகனம் இல்லாதபோது 60இலிருந்து 10 வரை உறுதியாக மிதித்துக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுக்க வேண்டும். பத்துத் தடவை அளவில் இப்படிச் செய்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல் நெடுந்தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டிருந்தால் பேட்டின் தடம் டிஸ்க்கில் பதிந்துவிடும்.

சூடு உண்மையில் பிரச்சினையாகும் ஒரே இடம் எனக்கு மகியங்கனைக்கு மேலே உள்ள பதினெட்டு வளைவு. கண்டிக்குப் போகும்போது ஏற்றம். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் இறக்கம். சின்னக் கணக்கொன்று போட்டுப் பாருங்கள். ஆட்களோடு 1,400 கிலோ வரும் காரை 70 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிறுத்த, பிரேக் ஏறக்குறைய 265 கிலோஜூல் சக்தியைச் சூடாக்குகிறது. அதே கார் 100 மீற்றர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 1,370 கிலோஜூல். ஒவ்வொரு நூறு மீற்றர் இறக்கமும் 70இலிருந்து ஐந்து தடவை நிறுத்துவதற்குச் சமம். அதுவும் ஆறுவதற்கு இடைவெளி இல்லாமல், காற்று வீசாத குறைந்த வேகத்தில். 326 டிஸ்க் இருந்தாலும் அதை முழுக்கப் பிரேக்கிடம் கொடுப்பது சரியில்லை. இரண்டாம் கியரில் என்ஜினே இழுத்துப் பிடிக்கட்டும், வளைவுக்கு முன் மட்டும் அழுத்தி மிதித்து விட்டுவிடுங்கள். கால் லேசாக வைத்தபடியே இறங்குவதுதான் கெடுதல். பெடல் கல் மாதிரி இறுகியும் கார் நிற்கவில்லையென்றால் பேட் சூடேறிவிட்டது. பெடல் பஞ்சுபோல் கீழே போனால் ஒயில் கொதித்துவிட்டது. இரண்டாவதற்குப் பயப்பட வேண்டும். உடனே பம்ப் பண்ணி, கியரைக் குறைத்து, ஓரங்கட்டி ஆறவிடுங்கள். ஒயிலை ஒழுங்காக மாற்றத் தொடங்கிய பிறகு அந்த இறக்கத்தில் என் பெடல் ஒரு தடவைகூட அப்படிக் கீழே போகவில்லை.

மாரியில் இன்னும் சில பழக்கங்கள். வெள்ளத்துக்குள்ளால் வந்தால் கொஞ்சத் தூரம் பெடலை மெல்ல அழுத்தி டிஸ்க்கைக் காயவைப்பேன். காரைக் கழுவியதும் ஒரு சுற்றுப் போய்வந்தே நிறுத்துவேன். இரவில் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பேன்; இந்தக் காரில் ஹேண்ட் பிரேக் பின் டிஸ்க்குக்குள் இருக்கும் சின்ன ட்ரம், ஈரத்தோடு விட்டால் லைனர் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு வேலை இருந்தாலும் கிழமைக்கு ஒரு தடவையாவது வெளியே எடுத்து, டிஸ்க்கின் துரு போகுமட்டும் பிரேக் பிடித்து ஓட்டுவேன்.

ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் மாற்றினேன். பழைய ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்ததால் மாற்றத்தான் வேண்டியிருந்தது. பெடல் கொஞ்சம் இறுகியது, அவ்வளவுதான். ரேஸ் ஓடுபவர்களும், மலைநாட்டில் வேகமாக ஓட்டுபவர்களும், 17 அங்குல ரிம்மை ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் பிரெம்போ போடலாம், நன்றாக இருக்கும். ஆனால் இறக்குமதியான பழைய பிரெம்போவை வாங்கினால் முதலில் சீல் கிட் போட்டுப் பிஸ்டனைப் பாருங்கள். அதுவும் ஏதோ ஒரு நாட்டில் சும்மா கிடந்து வந்ததுதான்.

எனக்கு இனி மிச்சமிருப்பது பின்பக்கம் போகும் இரும்புக் குழாய்கள். காருக்கு அடியில் கிளிப் பிடிக்கும் இடங்களில் துரு கொப்பளித்திருக்கிறது. வரும் ஐப்பசிக்கு முதல் இரண்டையும் கழற்றி, செம்பு நிக்கல் கலந்த குழாய் வளைத்துப் போட நானாவிடம் நாள் கேட்டிருக்கிறேன்.