‘ஃபேர்’ சோதனையில் தேறிய அகராதி

ஸ்பெயினின் செவில் நகரில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். எந்த ஆங்கில-ஸ்பானிய அகராதி கைக்கு வந்தாலும் ‘ஃபேர்’ என்ற பெயரடையைத்தான் முதலில் புரட்டுவேன். அந்த ஒரு சொல்லிலேயே அகராதியின் தரம் தெரிந்துவிடும். வேர்ட்ரெஃபரன்ஸ் அதில் நன்றாகத் தேறியது.

மைக்கேல் கெல்லாக் 1999இல் தொடங்கிய இந்த இணைய அகராதிக்குக் காசு கட்ட வேண்டாம். ஸ்பானியச் சொல்லைத் தருவதற்கு முன், எந்தப் பொருளில் என்பதை அடைப்புக்குறிக்குள் ஓரிரு சொற்களில் சொல்லிவிடுகிறது. என் மாணவர்களுக்கு வேண்டியது அந்த அடைப்புக்குறிதான். ‘ஃபேர் பிளே’ கால்பந்து வழியாக இங்கே எல்லோருக்கும் பழக்கம். அதனால் இந்தச் சொல்லை எங்கே கண்டாலும் ‘ஹுஸ்தோ’, அதாவது நியாயமான, என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நடுவருக்கும் தீர்ப்புக்கும் அது சரி. கூந்தலுக்கு வந்தால் ‘ரூபியோ’, பொன்னிறம். வானிலைக்கு ‘புவேனோ’, நல்ல. விடைத்தாளில் ஆசிரியர் எழுதினால் ‘ரெகுலார்’, சுமார்தான். ‘எ ஃபேர் அமௌன்ட்’ என்றால் ‘பஸ்தாந்தே’, கணிசமான அளவு.

ஒரு மாணவி கைபேசிச் செயலி ஒன்றை நம்பி, கதையில் வரும் பெண்ணுக்கு ‘நியாயமான கூந்தல்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு வந்தார். ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டுக் கைகழுவும் செயலி அது. எனக்குக் கோபம் செயலி மேல்தான்.

பெயர்ச்சொல்லான ‘ஃபேர்’ வேறு. அது ‘ஃபேரியா’, சந்தை அல்லது திருவிழா. ஏப்ரல் ஃபேரியாவுக்குப் பெயர்போன ஊரில் வேறெது முதலில் நினைவுக்கு வரும்? அதன் வேர் லத்தீனில் இருக்கிறது. பெயரடையோ, ‘அழகான’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. இலக்கணக் குறிப்பு ஒவ்வொரு பொருளோடும் இருப்பதால் இந்த அகராதியில் இரண்டும் கலப்பதில்லை.

ஸ்பானியம் கற்கும் தமிழர்களும் இந்தப் பக்கத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். நமக்கு இந்தச் சொல் முகப்பூச்சு விளம்பரங்களின் வழியே தோல் நிறமாகவே பதிந்திருக்கிறது. ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் தன் பெயரிலிருந்து அதை நீக்கியபோதுதான் பலரும் அதைப் பற்றிப் பேசினார்கள். தோலுக்கு ஸ்பானியத்தில் ‘கிளாரா’, அதாவது வெளிர் நிறமான, என்பார்கள்.

வகுப்பில் அடிக்கடி எழும் கேள்வி ‘ஃபேர் இனஃப்’ பற்றியது. அதைப் பிரித்துப் பிரித்துத் தேடாதீர்கள், முழுத் தொடராகத் தேடுங்கள். எதிராளி சொல்வதை ஒப்புக்கொள்ளும்போது வரும் சொல் அது; ஸ்பானியத்தில் ‘தே அக்குவேர்தோ’ என்றால் போதும்.